கேட்காமல் திரும்பப் பெற்ற பணம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வசிக்கிறோம். எனக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால், என் கார்டிலிருந்து டாலரில் பணம் எடுக்கப்பட்டதாக மெசேஜ் வந்திருந்தது. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறி, உடனே வங்கிக்கு போன் செய்தேன். "நான் எதுவும் வாங்கலைங்க" என்று புகார் கொடுத்தேன். சில வாரங்களில் பணம் திரும்பி வந்தது. வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

கல்லூரியில் படிக்கும் மகள் கயல்விழியின் முகம் மாறியது.

"அது நான் வாங்கினதுப்பா. அன்னிக்கு நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்துகினு இருந்தீங்க. கார்டு கேட்டேன், எடுத்துக்கோன்னீங்க. அதான் ரெண்டு நாளா அந்த சாஃப்ட்வேர் எதுவும் திறக்க மாட்டேங்குது."

சிறு குழுக்கள் சொந்தமாக உருவாக்கிய பத்து மென்பொருள்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் குறைந்த விலைக்கு விற்றிருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு குழந்தைகளின் சிகிச்சைக்குப் போகுமாம். அதையும் சேர்த்துத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன்.

வங்கி பணத்தைத் திரும்ப வாங்கியதால், அந்தத் தளத்தில் அவள் கணக்கை முடக்கிவிட்டார்கள். போட்டிக்காக ஒரு மாதமாய் அவள் செய்த அனிமேஷன் படம் அந்தப் பத்தில் ஒரு மென்பொருளில்தான் திறக்கும். மன்னிப்புக் கேட்டு எழுதினோம், பதில் இல்லை. மறுபடி வாங்கலாமென்றால் அந்தத் தள்ளுபடி விற்பனையே முடிந்திருந்தது. தனியாக வாங்கும் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. போட்டித் தேதியும் போனது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றாள்.

இப்போது எந்த மெசேஜ் வந்தாலும் முதலில் வீட்டில் விசாரிக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் எதற்கும் சரி சொல்வதில்லை. ஆனால் கயல்விழி அதன்பின் என்னிடம் கார்டு கேட்டதே இல்லை. வேண்டியதைத் தோழியின் அப்பா கார்டில் வாங்கிக்கொள்கிறாள்.