மேஜர் தட்டிய தாளம்

மேஜர் ஐயாவின் மோதிரம் கட்டில் கம்பியில் பட்டு 'டங்' என்று எழுப்பும் சத்தம்தான் அந்த வீட்டில் எனக்கு முதலில் பழக்கமானது. சித்தூரில் அவருக்கு நர்ஸாக நான் போய்ச் சேர்ந்தபோது, பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிச்சம் இருந்தது இடது கை. ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம். நாங்கள் இருவரும் உண்டாக்கிக்கொண்ட இந்தப் பாஷையை அவர் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். "நல்லாருக்கு சிஸ்டர்" என்றார். அதோடு சரி.

கட்டிலுக்கு நேர் எதிரே, ஐயா குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ராணுவப் போட்டோவை மாட்டியிருந்தார்கள். புரண்டு படுக்க முடியாத மனிதர் கண்ணெதிரே இதைப் போய் மாட்டுவார்களா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஜமீன் வம்சம், பட்டாளத்தில் மேஜர், திரும்பி வந்து எம்.எல்.ஏ. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நகரிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து, தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில் பேசினார். "எங்க ஜமீன் போச்சு, நல்லதுதான். நாளைக்கு என் புள்ள ஓட்டு கேட்டுக்கினு வந்தா தொரத்தி அடிங்க. சீட்டு என்னா பாட்டன் சொத்தா?" கூட்டத்தில் இருந்த என் நைனா விசிலடித்தது இன்னும் காதில் இருக்கிறது.

போன தேர்தலில் மகனுக்கு சீட்டு கிடைத்தது. அப்பாவைப் பிரச்சார ஜீப்பில் ஏற்ற வேண்டும் என்றார். நான் ஐயாவின் காதருகே குனிந்து, "போலாமா ஐயா?" என்று கேட்டேன். டங், டங். மறுபடி கேட்டேன். மறுபடியும் இரண்டு. "வேணாம்ங்கறாரு சார்" என்றேன். "ஏம் காதுலே சிஸ்டர், ஒண்ணும் ஆவாது. ஜனத்தப் பாத்தா தெம்பு வரும்" என்று என் தோளுக்கு மேலாக ஆட்களைக் கூப்பிட்டார். ஒன்றும் ஆகாதாம். சம்பளத்துக்கு வந்த நர்ஸின் பேச்சு அம்பலம் ஏறுமா? வெள்ளைச் சட்டை போட்டு, கட்சித் துண்டு போர்த்தி, சாய்ந்துவிடாமல் இருக்க இடுப்பை சீட்டோடு கட்டினார்கள். நாடி பார்க்க என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

குடிபாலாவில் ஜீப் நின்றதும் மேளக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மகன் கைகூப்பி, "எங்கப்பா உங்ககிட்ட ஓட்டு கேக்க வந்துருக்காரு" என்று மைக்கில் சொன்னார். ஐயாவின் விரல் ஜீப் கம்பியைத் தட்ட ஆரம்பித்தது. இரண்டு, இரண்டு, இரண்டு. விடாமல் தட்டினார். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற ஒரு அம்மா சிரித்தாள். "மேஜரு தாளம் போடறாரு பாருங்கடீ! சந்தோசத்துல கண்ணுல தண்ணி வந்துச்சு."

"தாளம் இல்லம்மா, ஓட்டு போடாதீங்கன்னு சொல்றாரு" என்று கத்தினேன்.

"சிஸ்டருக்கும் வெயில்ல தல சுத்திக்கினு கீது. மோரு குடுங்கடீ" என்றாள் அவள். கொடுத்தார்கள். அந்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு அழுகையை அடக்கினேன். மேளம் வேகமெடுத்தது, விரலும் அதோடு ஓடியது. கூட்டம் கைதட்டியது.

மகன் ஜெயித்துவிட்டார். இப்போது வாசலில் எந்நேரமும் கார்கள் நிற்கின்றன. வருகிறவர்கள் ஐயாவுக்கும் ஒரு மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவரோ, நான் எதைக் கேட்டாலும் இரண்டுதான் தட்டுகிறார். தண்ணீர் வேணுமா? இரண்டு. ஃபேன் போடட்டுமா? இரண்டு. கேழ்வரகுக் கஞ்சிக் கிண்ணத்தோடு போய், பசிக்குதா என்றாலும் இரண்டு. வெறும் வயிற்றில் ஒரு மனிதரை எத்தனை நேரம் விடுவது? அதனால் இப்போதெல்லாம் நானும் கேட்பதில்லை. ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கிறது. விரல் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. நான் ஊட்டிக்கொண்டே இருக்கிறேன்.