பின்னால் திருப்பிய முள்

அடிப்பதற்கு முன்னால் எங்கள் கூடத்துக் கடிகாரம் தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் ‘கர்ர்ர்’ என்று இழுக்கும். உடனே நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மணியை எண்ணத் தொடங்குவோம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பழைய அமெரிக்கக் கடிகாரங்கள் என்றால் பைத்தியம். இடிக்கிற பங்களாக்களிலிருந்து ‘காயலான் கடை’க்கு வருகிற சாமான்களைக் கிளறி, அலமாரித் தட்டில் நிற்பது, சுவரில் தொங்குகிற எட்டு மூலைக்காரன், சர்ச் கோபுரம்போல் கூம்பு வைத்தது என்று ஒன்பது சேர்த்திருந்தார். அம்மா அவற்றை ‘அடைசல்’ என்றுதான் சொல்வாள். ஆனால் அவற்றில் ஒழுங்காக ஓடிய கூடத்துக் கடிகாரத்தின் மணியைச் சமையற்கட்டிலிருந்தே எண்ணித்தான் அவளுடைய அத்தனை வேலையும் நடந்தது.

அப்பா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. “இன்னா வேணா பண்ணுங்க, முள்ள மட்டும் பின்னாடி திருப்பாதீங்க. முள்ளு ஒரு கணக்குல போவும், மணி வேற கணக்குல அடிக்கும்.”

எனக்குப் பத்து வயது. அடைமழை, எங்கள் ஊர் மண்ணூர் முழுக்க மின்சாரம் இல்லை, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், அப்பா ஷிப்டும் ஓ.டி.யும் முடித்து மறுநாள் காலையில்தான் வருவார். பன்னிரண்டும் அடிப்பதைக் கேட்டே தீருவதென்று நாற்காலி மேல் ஏறி, நாலரையில் இருந்த முள்ளைத் தள்ளித் தள்ளி ஐந்து, ஆறு என்று அடிக்கவிட்டு, ஆசை அடங்காமல் பன்னிரண்டையும் தாண்டி மூன்று வரை கேட்டேன். அம்மாவின் செருப்புச் சத்தம் வந்ததும் முள்ளை அவசரமாகப் பின்னால் சுற்றி நாலரையிலேயே விட்டுவிட்டுக் குதித்தேன். ஐந்து மணிக்குக் கடிகாரம், கடைசியாக அடித்த மூன்றுக்கு அடுத்த நான்கைத்தான் அடித்தது. நாலு மணிக்கே இருட்டுவது மழையால்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள்தான் அக்கா வேலைக்குச் சேரவேண்டிய நாள். பிளஸ் டூ முடித்த பெண்களை ஏற்றிக்கொள்ள எட்டு மணிக்குக் கூட்ரோட்டில் கம்பெனி வேன் நிற்கும். அதில் ஏற்றிவிடத்தான் அம்மா ஒரு மாதமாகத் தவமிருந்தாள். மணி ஏழு அடித்தது. “இன்னும் ஒரு மணி நேரம் கீது, ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ” என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். ஒன்று குறைத்து அடிக்கிறது என்று தெரிந்தும் நான் என் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேன் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வராத பெண்ணின் இடத்தை அன்றைக்கே வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு அடித்ததை நம்பி ஏமாந்ததைச் சொல்லி அம்மா அழுதுகொண்டிருக்கும்போது அப்பா வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னையும் அக்காவையும் பார்த்தார். “நான்தான் நேத்து வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி சாவி குடுக்கசொல்ல பின்னாடி திருப்பிட்டேன்” என்றார்.

“இந்தச் சனியனுங்க வூட்ல இருந்தா நான் இருக்கமாட்டேன்” என்றாள் அம்மா. அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா கடிகாரங்களைப் பழைய போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, நாலைந்து நடையாகக் காயலான் கடைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒவ்வொரு நடைக்கும் கதவைத் திறந்து பிடித்தது நான்தான்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது உதிரிபாகக் கிடங்கு நிற்கிறது. அப்பாவும் இல்லை. அக்கா நர்ஸாக இருக்கிறாள். அப்பாவுக்குத் திதி கொடுத்த அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் கூடத்துலதானடி தல வாரிகினு இருந்தேன். ஏழு அடிக்கசொல்ல முள்ளு எட்டுல இருந்துச்சு. பாத்துகினேதான் வாரினேன். எனக்கு கம்பெனி லைன் வேலைக்குப் போவ இஷ்டமில்ல, படிக்கணும்னு இருந்தேன்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“நீ சொன்னியா?”

அப்பாவின் கடைசி நாள் வரைக்கும் அம்மா அந்த வேனைச் சொல்லி அவரைத் திட்டும்போதெல்லாம் நாங்கள் இருவரும் பக்கத்தில்தான் இருந்தோம்.