அருளப்பனுக்குக் கிடைக்காத வக்காலத்து

அனுமந்தன்பட்டிப் பக்கத்துச் சேரியிலிருந்து பி.எல். படித்துக் கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள் அருளப்பன். ஊரில் பாதிப் பேர் அவரை 'அவன்' என்றார்கள், மீதிப் பேர் 'அது' என்றார்கள். இந்த எழுத்திலாவது அவர் 'அவர்' ஆக இருந்துவிட்டுப் போகட்டும்.

பங்குச் சாமியார் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். ஆத்தா இன்னாசியம்மாள் களையெடுத்தே முதுகு வளைந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் அருளப்பன் முன்சீப் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தபோது, வக்கீல்கள் அறையில் யாரும் அவரை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. படித்தவர்கள் அல்லவா! "இடம் நெருக்கடியாய் இருக்கு, மிஸ்டர் அருளப்பன். நாற்காலிகூட இல்லை பாருங்கள்" என்றார்கள். அவர் சொந்தமாக ஒரு நாற்காலி வாங்கிவந்து போட்டார். மறுநாள் அது தாழ்வாரத்தில் கிடந்தது. சரி என்று அங்கேயே உட்கார்ந்தார். மேல்சாதிக் கட்சிக்காரன் எவனும் தன்னிடம் வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். தன் சனம் வரும் என்று காத்திருந்தார்.

ஒருநாள் வந்தது. சேரியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை, சுருளியாண்டி என்ற பெரிய நிலக்காரச் சம்சாரியின் வயல் வரப்போடு போனது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பிணம் போன பாதை. அதில் சுருளியாண்டி முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார். சேரி கொதித்தது. கோர்ட்டுக்குப் போவது என்று முடிவானது. அருளப்பன் பழைய தீர்ப்புகளைத் தேடித் தேடிப் படித்தார். ஜெயிக்கிற வழக்கு. இந்த ஒரு வழக்கில் எழுந்து நின்று பேசிவிட்டால், தானும் வக்கீல்தான் என்று கோர்ட்டும் ஒத்துக்கொள்ளும், சேரியும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பினார்.

வந்த கூட்டம் அவரைத் தாண்டி நேரே உள்ளே போய், பெரிய வக்கீல் வைகுண்டராஜ் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றது. 'எங்களுக்காக இவரே பேசட்டும்' என்று எழுதிக்கொடுக்கும் வக்காலத்தில் ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தார்கள். இன்னாசியம்மாளும் வைத்தாள்.

"ஆத்தா, இங்கன நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"கோவிச்சுக்கிறாதய்யா. ஏலேன்னு கூப்பிட்டா ஏன்னு கேக்குறவன் நீ. உன் பேச்சை ஜட்ஜய்யா எப்பிடிக் கேப்பாக? பெரிய வக்கீலய்யாவப் பாத்தா நமக்கே நடுக்கம் வருதே, அதான் வக்கீலு."

நம்மை நடுங்கவைக்கிறவன்தான் நமக்காகப் பேச லாயக்கானவன்! இந்தக் கணக்கை அவர்கள் தலையில் ஏற்றியவன் நாசமாய்ப் போக.

சுருளியாண்டியின் வக்கீல், வைகுண்டராஜின் மச்சினன். இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் பேசிச் சமரசமாக ராஜி எழுதிவிட்டார்கள். வயலில் பயிர் இல்லாதபோது சேரி வரப்பில் போகலாம். பயிர் நிற்கும்போது ஓடையில் இறங்கிச் சுற்றிப் போகவேண்டும். பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் பூமி! வயல் எப்போது சும்மா கிடக்கும்? ராஜியைக் கோர்ட்டில் வாசித்தபோது அருளப்பன் எழுந்தார்.

"இந்த வழக்கில் உமக்கு வக்காலத்து உண்டா?" என்று கேட்டார் முன்சீப்.

இல்லை.

"அப்படியானால் உட்காரும்."

சேரி சனம் சந்தோஷமாகத்தான் வீடு திரும்பியது. "வக்கீலய்யா நம்மளப் பாத்துச் சிரிச்சாகய்யா" என்று மகனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள் இன்னாசியம்மாள்.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் அவள் கண்ணை மூடினாள். ஓடையில் வெள்ளம் கரை தொட்டுப் போனது. சுருளியாண்டியின் வயலில் நெல் பச்சைப்பசேலென்று நின்றது. பெட்டியைச் சுமந்து வந்தவர்கள் கரையில் நின்றுவிட்டார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் கல்லறைச் சிலுவைகள் கண்ணுக்குத் தெரிந்தன. முன்னால் சுமந்துவந்த பிலவேந்திரன், அருளப்பனின் சித்தப்பா மகன், திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க வக்கீலாச்சே. வரப்பு வழியாத் தூக்கிட்டுப் போனா சட்டம் ஒத்துக்கிருமா?"

சனம் அவரிடம் கேட்ட முதல் சட்டக் கேள்வி அது. இத்தனை வருஷமாக இதற்காகத்தான் காத்துக்கிடந்தார். கோர்ட்டில் பதிந்த ராஜி, சேரி மொத்தத்தையும் கட்டுப்படுத்தும்.

"ஒத்துக்கிறாது" என்றார் அருளப்பன்.

பெட்டியைச் சேற்றில் இறக்கிவைத்துவிட்டு, வெள்ளம் வடியட்டும் என்று எல்லோரும் மழையில் நின்றார்கள்.