பூனைக்கும் நாய்க்கும் ஒரே நேரம்

கால்நடை மருத்துவமனைக்குத் தானாகவே நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருள் என்று சொல்லித்தான் அக்கா அதை விற்றாள். உண்மையில் அந்த மென்பொருள் அக்காதான். நாயின் சொந்தக்காரர் கைப்பேசியில் பொத்தானை அழுத்துவார். சைக்கிள் கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் அக்காவின் கணினி 'டிங்' என்னும். அவள் பார்த்து, யோசித்து, ஒரு நேரத்தைத் தட்டி அனுப்புவாள்.

"ரெண்டே வாரம்க்கா, கோட் எழுதி முடிச்சிடறேன். அதுவரைக்கும் நீ சமாளி" என்று தம்பி சொன்னது மழைக்காலத்தில். கோடையும் வந்துவிட்டது. "மெஷினு, சாப்பிட வர்றியா?" என்று கணவர் கூப்பிடும் அளவுக்கு வீட்டில் அவள் மானம் போயிருந்தது. ஆனால் அந்த மருத்துவமனை ஒன்றுதான் வாடிக்கையாளர். அதுவும் கைகழுவினால் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு, வீராப்பாக விட்டுவந்த காப்பீட்டு அலுவலகத்தில் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான்.

ஒருவழியாகத் தம்பி கோட் எழுதி முடித்தான். "இனிமே நீ கால் மேல கால் போட்டு உக்காருக்கா" என்றான். அப்படியே உட்கார்ந்தாள். மறுநாள் காலை டீ ஆறுவதற்குள் மருத்துவமனையின் வரவேற்பாளர் போனில் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, உங்க மென்பொருளுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரே நேரத்துக்கு மூணு பூனை, ரெண்டு பெரிய நாய்! ஒரு பூனை மருந்து அலமாரி மேல ஏறிக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது. டாக்டர் சட்டையெல்லாம் கிழிஞ்சு போச்சு!"

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "பூனையையும் நாயையும் ஒண்ணா போட்டிருக்கியேடா!"

"பிரிக்கணும்னு நீ சொல்லவே இல்லையேக்கா. எனக்கு எல்லாமே விலங்குதான்."

"இதையெல்லாம் சொல்லணுமாடா?"

சொல்லியிருக்க வேண்டும்தான். இத்தனை நாளும் அவள் பிரித்துப் பிரித்துப் போட்டது, போடுகிறோம் என்று அவளுக்கே தெரியாமல் போட்டது.

"பேசாம பழையபடி நீயே பாத்துக்கயேன்" என்றான் தம்பி. அவனை ஒரு முறை முறைத்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போனாள்.

"டாக்டர், நேத்து வரைக்கும் நேரம் போட்டது மென்பொருள் இல்ல. நான்தான்."

வரவேற்பாளர் பக்கென்று சிரித்துவிட்டாள். "அதானே பாத்தேன்! சாப்பாட்டு நேரத்துல மட்டும் மெஷின் ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்குதுன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. கிழிந்த சட்டைக் கையை மடித்து விட்டபடி, "பொய் சொல்லி வித்திருக்கீங்க. நீங்களா வந்து சொன்னதால இந்த மாசம் முடியிற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள மென்பொருள் சரியாகலைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

அறைக்குத் திரும்பிய அக்கா, தம்பியைத் தோளைப் பிடித்துத் தூக்கித் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இனிமே நீதான் மெஷின்."

"அப்ப கோட் யாரு எழுதறது?"

"நீதான். இங்க உக்காந்து பாத்தாத்தான் என்ன எழுதணும்னே உன் மண்டைக்குள்ள ஏறும்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கணினி 'டிங்' என்றது.

"அக்கா, ஒரு முயல் வந்திருக்கு. அத யாரு கூடப் போடறது? அக்கா?"

பாதிப் படி இறங்கியிருந்தவள் திரும்பவில்லை. "நீயே யோசிடா!" என்று அவள் போட்ட சத்தத்தில், கீழே சைக்கிள் கடைக்காரர்தான் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.