சேதராப்பட்டு மஞ்சளாகும் நேரம்

லியோன் நகரத்தில் காலை ஒன்பது மணிக்கு, என் அம்மா சாப்பிட உட்காருவது எனக்குத் தெரிந்துவிடுகிறது. போன் எதுவும் வருவதில்லை. என் மேசைத் திரையில் ஓர் உலக வரைபடம் எப்போதும் திறந்திருக்கும். அதில் எங்கள் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் புள்ளி புள்ளியாக இருக்கும். மொராக்கோவில் சில, ருமேனியாவில் சில, போர்ச்சுகலில் ஒன்று. வங்கக் கடலோரம், புதுச்சேரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சேதராப்பட்டு. வேலை நடந்தால் புள்ளி பச்சை. சாப்பாட்டுக்கோ டீக்கோ நின்றால் மஞ்சள். நிற்கக் கூடாத நேரத்தில் நின்றால் சிவப்பு. கோடைக்காலத்தில் நான் அலுவலகத்துக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றி மாட்டும்போது அங்கே பன்னிரண்டரை ஆகியிருக்கும். சேதராப்பட்டு மஞ்சளாகும். அம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகுதான் போய்க் காபி எடுத்துக்கொள்வேன். பக்கத்து மேசைகளில் இருப்பவர்களுக்கு அது வெறும் மஞ்சள்.

இந்த நாற்காலிக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு; அதை மறைக்கும் அடக்கம் எனக்கு வராது. அப்பா மில் வேலை போன பிறகு லோடு ஆட்டோ ஓட்டினார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே பிரெஞ்சு படித்தேன், தேர்வு எழுதினேன், வேலை கிடைத்து விசாவோடு இங்கே வந்தேன். புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், எங்கள் ஊரிலிருந்து பிரான்சுக்குப் போகிறவள் என்றால் முதலில் என்ன கேட்பார்கள் என்று. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்தாரா, எந்த வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி என்று தெருவில் ஒருவர் அப்பாவைக் கேட்டார். "அவ படிச்ச வழியில" என்று சொல்லிவிட்டு அப்பா ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இங்கே அதே கேள்வி வேறு வேஷத்தில் வரும். "ஆ, போந்திஷேரி!" என்று முகம் மலர்வார்கள். அப்படியென்றால் வீட்டிலேயே பிரெஞ்சு பேசி வளர்ந்திருப்பாயே என்பார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சு பேசியது ஒரே ஒரு பென்ஷன்காரர்தான், அதுவும் தன் நாயிடம் மட்டும் என்று நான் உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

நான் இங்கே வந்த பிறகுதான் எங்கள் நிறுவனம் சேதராப்பட்டுத் தொழிற்சாலையை வாங்கியது. கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. மேசைக்குச் சில பெண்கள். அம்மா அங்கே பல வருடங்களாக வேலை பார்க்கிறாள். செய்தி கேட்டதும் அவளே போன் செய்தாள்.

"இன்னாடி, உங்க கம்பெனி எங்க கம்பெனிய வாங்கிடுச்சாமே. இனிமே ஒனக்கு வணக்கம் வெச்சிட்டுத்தான் சோறு திங்கணுமா?"

"வெச்சா நல்லாத்தான் இருக்கும்மா."

"வெப்பேன் வெப்பேன். போனஸ் ஏத்தி உட சொல்லு, வெக்கிறேன்."

பெரிய நிறுவனம் என்றால் பெரிய கட்டடம் என்று படிக்கும் காலத்தில் நினைத்திருந்தேன். உள்ளே வந்து பார்த்தால், ஒருவரையொருவர் ஒருநாளும் பார்க்கப் போகாத ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கணினிதான். மொராக்கோவில் ஒரு பெட்டி மூடப்பட்டால் அது ஜெர்மனியில் ஒரு கார் எப்போது முடியும் என்பதை மாற்றுகிறது. நேரில் போய்ப் பார்க்க முடியாதவர்கள் முடிவெடுக்க வேண்டும். அதனால் நடப்பது எல்லாம் திரைக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் கழுத்திலும் ஐடி கார்டு. பெட்டி நிறைந்ததும் முதலில் கார்டையும் பிறகு பெட்டியையும் ஸ்கேனரால் அடிக்க வேண்டும். அங்கே அதற்குப் பெயர் துப்பாக்கி. துப்பாக்கி 'டிக்' என்றதும் இங்கே என் திரையில் ஒரு வரி ஏறும். வரைபடத்தில் புள்ளியைத் தொட்டால் மேசைகள் விரியும், மேசையைத் தொட்டால் கார்டு எண்கள் விரியும். பெயர் இருக்காது. ஆனால் அம்மாவின் கார்டு எண் எனக்கு மனப்பாடம்.

போன கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பலகாரம் சுட்டுக்கொண்டே அம்மா ஒரு கதை சொன்னாள். அவள் மேசையில் வளர்மதி அக்கா என்று ஒருவர். அவர் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் சில நாள் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த நாட்களில் வளர்மதி அக்கா மதியத்துக்கு மேல் பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்படியே விட்டால் அவர் கணக்கில் பெட்டி குறையும். மாதா மாதம் குறைந்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு கான்டிராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள். அதனால் மேசையிலிருக்கும் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பெட்டியைத் துப்பாக்கியால் அடிக்காமல் மேசைக்கடியில் தள்ளி வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் வளர்மதி அக்கா வந்ததும் அவர் கார்டைக் காட்டி அந்தப் பெட்டிகளை அடித்துவிடுவார்கள்.

"அவ வேணாம் வேணாம்னுதான் சொல்லுவா. நாங்க காலால தள்ளி உட்டுட்டு வேற பக்கம் பாப்போம்" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. என் வேலையின் மறுமுனையில் என் அம்மாவின் கால் இருக்கிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

லியோனுக்குத் திரும்பிச் சில வாரங்களில் புதிதாக ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அது ஒவ்வொரு கார்டின் வேலையையும் பக்கத்துக் கார்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கே வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிகிறதோ அங்கே ஆரஞ்சு நிறத்தில் வட்டம் போடும். ஒரு நாள் என் மேலதிகாரி இசபெல் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நல்லவர், என் பிரெஞ்சைத் திருத்தாமல் கேட்கத் தெரிந்த சிலரில் ஒருவர். திரையில் சேதராப்பட்டு. அம்மாவின் மேசையைச் சுற்றி ஆரஞ்சு வட்டம்.

"பார், இந்த மேசையில் எல்லாக் கார்டின் கோடும் ஒரே மாதிரி போகிறது. மனிதர்கள் இப்படி வேலை செய்ய மாட்டார்கள். ஒருத்தி வேகம், ஒருத்தி நிதானம் என்றுதான் இருக்கும். அங்கே சூப்பர்வைசர் உட்கார்ந்து எண்ணை எழுதுகிறார் என்று நினைக்கிறேன்" என்றார் இசபெல்.

"சூப்பர்வைசருக்கு இது தெரியாது" என்று வாய் தவறிச் சொன்னேன்.

அவர் அதைச் சூப்பர்வைசருக்குக் கணினி தெரியாது என்று எடுத்துக்கொண்டார். "அது எல்லா ஊரிலும் இருப்பதுதான். உன் ஊர் இது. விளக்கம் நீ எழுது. பொய்த் தகவல் என்று முடிவானால் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும். அது முடியும்வரை அந்தத் தொழிற்சாலைக்குப் புது வேலை எதுவும் போகாது. வெள்ளிக்கிழமைக்குள் கொடு" என்றார்.

அன்று மாலை ட்ராமில் என் நிறுத்தத்தைக் கவனிக்காமல் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன். உண்மையை எழுதினால் வளர்மதி அக்காவின் கார்டு தனியாகத் தெரியும். கூடவே அவருக்குப் பெட்டி கொடுத்தவர்கள் கார்டும். எழுதாமல் விட்டால் தொழிற்சாலையே பொய்க்காரத் தொழிற்சாலை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் வேலையில் பொய் எழுதுகிறவள் அல்ல. அந்த வேலையை வாங்க எவ்வளவு படித்தேன் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவள், "பொட்டி வந்துதா இல்லியா உங்களுக்கு?" என்றாள்.

"வந்துது."

"உள்ள ஒயரு செரியா இருக்குதா?"

"இருக்கும்மா. ஆனா ஒரு கார்ல கோளாறு வந்தா, அந்த ஒயர் யார் கையில ஆச்சுன்னு தேடுவாங்க. நீ கட்டுன பொட்டியில வளர்மதி அக்கா நம்பர் இருக்கும். திட்டு யாருக்கு விழும்?"

பின்னால் கேட்ட டிவி சத்தத்தை அம்மா குறைத்தாள்.

"அப்பிடி ஒரு வாட்டி வந்துது. நான் போயி அது நாந்தான் கட்டுனேன்னு சொல்லிட்டேன். சூப்பர்வைசரு, 'ஒனக்கெப்பிடிம்மா தெரியும்'னான். 'முடிச்சு பாத்தா தெரியாதா'ன்னு சொல்லி வந்துட்டேன்."

"எல்லா வாட்டியும் அப்பிடிச் சொல்ல முடியாதும்மா."

"செரி, நீ இன்னா எழுதப் போற? அத சொல்லு." குரல் மாறியிருந்தது. "அவ பேரு வந்துச்சுன்னா அவள அனுப்பிடுவாங்க பாப்பா. அவள அனுப்புன வயித்தெரிச்சல் நமக்கு வேணாம். ஒன்ன படிக்க வெச்சது இதுக்கு இல்ல."

கடைசி வாக்கியம் குத்தியது. என்னைப் படிக்க வைத்தது எதற்கு என்று அவள் அதுவரை சொன்னதே இல்லை.

மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இன்றும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைக்கிறேன். அந்த வேலை ஒரு கையில் முடிவதில்லை. ஒருத்தி அளந்து வைத்த ஒயரை இன்னொருத்தி கட்டுகிறாள், வேறொருத்தி அடுக்குகிறாள். அதைக் கார்டுக்குக் கார்டு அளப்பதே தவறு, மேசைக்கு மேசை அளக்க வேண்டும் என்று எழுதினேன். கோளாறு வந்தால் எந்த மேசை, எந்த நேரம் என்று தேடிக்கொள்ளலாம். கோடுகள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், அவை ஒரே வேலையின் துண்டுகள் என்பதே. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வளர்மதி அக்கா மட்டும் அதில் இல்லை.

இசபெல் படித்துவிட்டு, "வுவாலா! உள்ளூர்க்காரி ஒருத்தி இருந்தால் இதுதான் லாபம்" என்றார். மொராக்கோவிலும் இதையே செய்யலாம் என்று மேலே அனுப்பினார். கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள். ஆரஞ்சு வட்டம் போய்விட்டது. கார்டு எண்களும் போய்விட்டன. இப்போது புள்ளியைத் தொட்டால் மேசைவரைதான் விரியும். அம்மா மேசைக்குள் கலந்துவிட்டாள்.

அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள். வளர்மதி அக்கா போனை வாங்கி, "நல்லாருப்பம்மா. உங்கம்மா ஒன்னப் பத்தியே பேசிக் கொல்லுது" என்றார். நான் ஊரில் ஒரு காரியம் செய்துவிட்டேன் என்ற நினைப்பில், அன்று ரோன் நதிக்கரையில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து அம்மா போன் செய்தாள். குரலில் பழைய கிண்டல் இல்லை. மேசைக்கு இத்தனை பெட்டி என்று இலக்கு வைத்து, சுவரில் பெரிய டிவியில் போடுகிறார்களாம். மதியம் வளர்மதி அக்கா கிளம்பியதும் எண் ஏறும் வேகம் குறைந்துவிடுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதாம். மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "ஒருத்தங்க வீட்டுக் கஷ்டத்துக்கு நாம எல்லாம் எதுக்கு அடி வாங்கணும்" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். வளர்மதி அக்கா பையை எடுத்துக்கொண்டு போனாராம்.

"நீதானம்மா எல்லாருமா சேந்து செய்றோம்னு சொன்ன? அதத்தான கணக்காக்கினேன்" என்றேன்.

"சேந்துதான் செஞ்சோம்." அவள் சொல் தேடினாள். "முன்ன நாங்களா குடுத்தோம். இப்ப அவளா எடுத்துக்குற மாதிரி ஆயிடுச்சு."

நான் எழுதியதில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் காலால் தள்ளிவிடும் பெட்டிக்கு எங்கள் கணினியில் இடமில்லை. இடம் செய்து கொடுத்தால் அது வேறு ஏதோ ஒன்றாக ஆகிவிடுகிறது. அந்தப் பெண் கேட்டதும் நியாயமற்ற கேள்வி இல்லை.

"அக்கா வேலைய உட்டுடுவாங்களா?" என்று கேட்டேன்.

"உடுறேன்னுதான் சொல்றா. நாங்க உடல. ஒரு ஏற்பாடு பண்ணிருக்கோம்."

"இன்னா ஏற்பாடு?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? நீ கம்பெனி ஆளு" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லவில்லை. எதையும் என்னிடம் மறைத்துப் பழகாத அம்மா. கார்த்திகை மழையில் கூரை ஒழுகியதிலிருந்து, அப்பா குடித்துவிட்டு வந்த நாள் வரை என்னிடம் சொன்னவள்.

மறுநாள் திங்கட்கிழமை, வளர்மதி அக்காவின் ஆஸ்பத்திரி நாள். ஒன்பது மணிக்கு நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தேன். போர்ச்சுகல் பச்சை. மொராக்கோ பச்சை. சேதராப்பட்டு மஞ்சளானது. தொட்டேன். மேசைகள் விரிந்தன. எல்லா மேசையும் மஞ்சள், ஒன்றைத் தவிர. அம்மாவின் மேசை பச்சையாகவே இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் குறையப் போகும் பெட்டிகளை டப்பாவைத் திறக்காமலேயே கட்டுகிறார்கள்; அம்மாவின் ஏற்பாடு அதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

பின்னால் காபிக் கோப்பையோடு வந்த இசபெல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ட்ரே பியேன், மிக நன்று. உன் ஆட்கள் இன்று நன்றாகச் செய்கிறார்கள்" என்றார்.

"மெர்சி" என்றேன். என் பையில் மதியத்துக்குக் கட்டி வந்த தயிர்ச்சோறு இருந்தது. சேதராப்பட்டு முழுவதும் மறுபடி பச்சையாகும்வரை நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. அன்று மதியம் இங்கே எல்லோரும் சாப்பிடப் போனபோது, எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பசித்துக்கொண்டுதான் இருந்தது.