அமல்ராஜ் மூடிய காற்று வாய்

ஆவூர் அமல்ராஜ் தம் நெல் அறுவடை வண்டியை வாங்கியபோதே அதற்குப் பதினோரு வயது. டயரில் ஓடும் அந்தப் பழைய வண்டியை ஒன்பது சம்பாப் பருவங்களாக அவர் அன்னவாசலுக்கு ஓட்டிச் செல்கிறார். ஒவ்வோர் ஆண்டும் முதல் அறுப்பு மலையாண்டியின் பன்னிரண்டு ஏக்கரில்தான். அந்த வயலில் எந்த வண்டி இறங்குகிறதோ அதைத்தான் சுற்றியுள்ளவர்களும் அழைப்பார்கள். அந்த வயல் கைவிட்டுப் போனால் அமல்ராஜுக்குப் பருவமே போனதாகும்.

2024 ஜனவரியில் அந்த நிலை வந்தது. வளைகுடா வேலையிலிருந்து திரும்பிய அறந்தாங்கிச் சேரன் டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் புதிய வண்டியோடு அன்னவாசலுக்கு வந்தார். ஓர் ஏக்கரை அறுக்க அமல்ராஜுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சேரனுக்கு ஐம்பது நிமிடம் போதும். மலையாண்டி இருவரையும் அழைத்து, ஆளுக்கு மூன்று ஏக்கர் அறுத்துக் காட்டச் சொன்னார். எவருடைய நெல் சிந்தாமல் சுத்தமாக வருகிறதோ அவருக்கே மீதி ஆறு ஏக்கரும், இனி வரும் ஆண்டுகளும்.

அன்றிலிருந்து அமல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. சேரன் வண்டியின் சிவப்பு வண்ணம்கூட அவர் கண்ணை உறுத்தியது. ஊரார் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. 22ஆம் தேதி சேரன் முதலில் அறுத்தார். அவர் திரும்பிப் பார்க்காத நேரத்தில் அமல்ராஜ் பின்னாலேயே போய், வைக்கோல் விழும் இடத்தில் ஒரு சாக்கை விரித்துப் பிடித்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, சாக்கில் சிக்கிய நெல்மணிகளை எண்ணினார். நூற்றுப் பதினான்கு. மனைவியைச் சாக்குப் பிடிக்கச் சொல்லி, வயலோரத்தில் தம் வண்டியையும் அதேபோல ஓட்டிப் பார்த்தார். இருநூற்று மூன்று.

அன்று பிற்பகலே வேலையில் இறங்கினார். வெட்டும் பகுதியின் இடுக்குகளில் பழைய ட்யூபை வெட்டி அடைத்தார். கதிரடிக்கும் உருளையில் தேய்ந்துபோன பட்டைகளை வெல்டிங் வைத்து உயர்த்தினார். பதரை ஊதித் தள்ளும் காற்றாடிதான் நெல்லையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது என்பது அவருடைய முடிவு. எனவே, காற்றாடிக்குக் காற்று நுழையும் இருபுற வாய்களையும் பாதியளவு தகரத்தால் மூடி, வெல்டிங்கால் பற்றவைத்துவிட்டார். வயலோரத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தபோது சாக்கில் விழுந்தவை பதினேழே மணிகள். சேரனை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை, பனி உலர்ந்தும் உலராத வேளையில், மலையாண்டி வயலில் அமல்ராஜ் தம் முதல் ஏக்கரை அறுத்து நெல்லைத் தார்ப்பாயில் கொட்டினார். மலையாண்டி குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். பதரும் துண்டு வைக்கோலுமாக வந்தது.

“என்ன தம்பி, நெல்லை அறுத்தியா, குப்பையை அறுத்தியா?”

வரப்பில் நின்ற சேரன் சிரித்தார். அந்தச் சிரிப்பு அமல்ராஜின் காதில் விழுந்தது. மீதி இரண்டு ஏக்கரை மறுநாள் அறுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அவர் வண்டியைத் திருப்பினார். தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி மரிய செல்விக்கு நடந்தது முழுதும் தெரியும்.

“ஊரான் வண்டியில சிந்துறத குனிஞ்சு குனிஞ்சு எண்ணுனீங்க. நம்ம நெல் டேங்குல வந்து விழுறத ஒரு தடவ எட்டிப் பாத்தீங்களா?”

அமல்ராஜ் வண்டியை நேரே பட்டறைக்கு விட்டார். அன்னவாசல் பட்டறையில் அந்த வெல்டிங்கை அறுத்தெடுத்தார். தகரத்தை இப்புறமும் அப்புறமும் நகர்த்தும்படி மாற்றி, மூன்று துளைகள் போட்டு, எந்தத் துளையிலும் போல்ட்டை முறுக்கி நிறுத்தும்படி செய்தார். 24ஆம் தேதி காலை வைக்கோல் ஈரத்தோடு கனமாக இருந்தபோது காற்று வாய் முழுவதையும் திறந்துவிட்டார். நண்பகலுக்குப் பிறகு, வைக்கோல் காய்ந்து இலேசானதும், கால் பங்கை மூடினார். டேங்கில் இறங்கிய நெல்லில் பதர் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் பிடித்த சாக்கில் நாற்பத்தொரு மணிகள். இம்முறை சாக்கைப் பிடித்தவர் மலையாண்டி.

அவர் இருவர் நெல்லையும் முறத்தில் புடைத்து, சேரன் அறுத்த இடத்தில் சிந்திக் கிடந்த மணிகளையும் பார்த்தார். நேரம் கூட ஆனால் ஆகட்டும், ஆறு ஏக்கரையும் அமல்ராஜே அறுக்கட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆனாலும் அமல்ராஜின் மனம் ஆறவில்லை. வயலைவிட்டு வெளியேறும்போதும் சேரனின் வண்டி பளபளவென்றுதான் இருந்தது. அதைப் பார்க்க அப்போதும் நாலு பேர் நின்றிருந்தார்கள். புறப்படுமுன் சேரன் அவரிடம் வந்தார். தம் வண்டியின் காற்று வாயிலும் அப்படி நகர்த்தும் தகடு ஒன்று இருப்பதாகவும், வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை என்றும் சொன்னார்.

“எம்புட்டு அடைக்கணும், அண்ணே?”

“கால்வாசி அடைச்சு வையி. சிந்தாது.”

சேரன் நன்றி சொல்லிவிட்டுப் போனார். தங்கள் வண்டி ஆவூர்ச் சாலையில் ஏறியதும் மரிய செல்வி கேட்டார்.

“காலையில ஈரத்துக்குத் தொறந்துவிடணும்னு சொல்லலியே நீங்க.”

“அவன் கேக்கலையே” என்றார் அமல்ராஜ்.