தலை எண்ணும் பழக்கம்

சட்டமன்றத்தில் அவளுக்குப் பெயர் கண்டக்டரம்மா. எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டலாக ஆரம்பித்தது, போகப் போகச் சொந்தக் கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. பதினோரு வருடம் தோளில் பையும் வாயில் விசிலுமாக நின்றவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஆற்றுக்கு அப்பால் இருக்கும் கரட்டு ஊர்களுக்குப் போன ஒரே பேருந்தில் அவள் கண்டக்டர், அவள் புருஷன் டிரைவர். வீட்டிலும் அவரை "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவாள். அவள் விசில் அடிக்காமல் அந்த மனுஷன் சாப்பாட்டுத் தட்டைக்கூட நகர்த்த மாட்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அந்த ஊர்களில் அவளுக்குத் தெரியாத முகம் கிடையாது. எந்த மூட்டை யாருடையது, யார் எந்த மரத்தடியில் இறங்குவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அதனால்தான் தேர்தலில் நின்றபோது ஓட்டை அள்ளிக் கொடுத்தார்கள். அவள் ஜெயித்துப் போன வருடமே அந்தப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏறுவதில்லையாம், நஷ்டமாம். பெரிய மனிதர்கள் இருக்கும் தெருவில் காலி வண்டி ஓடினால் அதற்குப் பெயர் சேவை, கல்லும் செங்கலும் சுமக்கிறவர்கள் ஊருக்கு ஓடினால் மட்டும் நஷ்டம். வயிற்றெரிச்சலாக இருக்காதா?

அந்த வயிற்றெரிச்சல் அவள் அக்கா வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அக்கா மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். பேருந்து நின்றதும் பெண்பிள்ளைகள் முள்காட்டு வழியே நடந்து போனார்கள். ஒரு நாள் சாயங்காலம் எவனோ இரண்டு பேர் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. "பஸ் வந்தா போகட்டும். இல்லேன்னா வீட்ல கிடக்கட்டும்" என்று மாமா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்திலோ, மாதம் முடிவதற்குள் திரும்பி வராவிட்டால் வருகைப்பதிவு போதாது, பொதுத்தேர்வு எழுத முடியாது என்றார்கள்.

கண்டக்டர் கால் தேய அலைந்தாள். போக்குவரத்து அமைச்சரின் அறைக்கு வெளியே கிடந்த நாற்காலிகள் எது ஆடும், எது ஆடாது என்பது வரை தெரிந்துபோயிற்று. அமைச்சர் பிடி கொடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு நாள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே சொன்னார்.

"எங்க துறை விவாதத்துக்கு வருதில்ல, அன்னிக்குச் சபையில எழுந்து கேளுங்கம்மா. நீங்க கேட்டா நான் பதில்ல அறிவிச்சிடறேன். நானா அறிவிச்சேன்னா ஆளாளுக்கு ஒரு பஸ் கேப்பாங்க."

அது போதும் அவளுக்கு. அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, "யூனிஃபார்மைத் தேச்சு வையி" என்றாள்.

விவாதம் நடந்த நாளில் கட்சிக் கொறடா அவள் பெயரைப் பட்டியலின் அடியில் போட்டிருந்தார். "அஞ்சு நிமிஷம்மா. அதுவே பெரிசு" என்றார். காலையில் சபை நிரம்பி வழிந்தது. பெருந்தலைகள் எழுந்து விமான நிலையத்தைப் பற்றியும் எட்டுவழிச் சாலையைப் பற்றியும் முழங்கினார்கள். ஒவ்வொருவரும் தனக்குக் கொடுத்த நேரத்தையும் பேசி, அடுத்தவர் நேரத்தையும் பேசினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அவள் சாப்பிடவே போகவில்லை. எங்கே தன் முறை போய்விடுமோ என்று கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, மெத்தை இருக்கைகள்தான் வரிசை வரிசையாக அவளைப் பார்த்தன. ஒருவர் வாய் திறந்து தூங்கினார். அமைச்சர் முன்வரிசையில் ஏதோ புரட்டிக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில், ஆற்றுக்கு அப்பால், நின்றுபோன பேருந்தின் நிறுத்தத்தில் ஊரே கூடியிருந்தது. கைபேசிக்கு சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். டிரைவர் போனை உயர்த்திப் பிடித்திருக்க, அக்காவும் அக்கா மகளும் முன்னால் நின்றார்கள்.

கண்டக்டர் எழுந்தாள். எழுந்ததும் கண் தானாக முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரைக்கும் ஓடியது. விசில் அடிப்பதற்கு முன்னால் தலை எண்ணுகிற பழக்கம், விட்டுத் தொலையவில்லை. பத்தொன்பது தலை. அதில் ஒன்று தூக்கம். அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். காலையிலிருந்து இவர்கள் பேசியதையெல்லாம் வாய் மூடிக் கேட்டேனே, என் ஊர் என்றால் மட்டும் எழுந்து போவார்களா?

சபை நடக்க இத்தனை உறுப்பினர்களாவது உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. யாராவது கேட்டால்தான் எண்ணுவார்கள். யாரும் கேட்பதில்லை. அவள் கேட்டாள்.

"சபாநாயகர் அவர்களே, சபையில போதுமான ஆள் இல்லை. எண்ணிப் பாருங்க. மணி அடிச்சு எல்லாரையும் கூப்பிடுங்க. எங்க ஊரைப் பத்திப் பேசும்போதும் உள்ளே இருக்கட்டும்."

"உட்காருங்கம்மா, உட்காருங்க" என்று பின்னாலிருந்து கொறடா பல்லைக் கடித்தார். அவள் காதில் விழவில்லை. விசில் சத்தம் கேட்டதும் கடையில் நிற்கிற ஜனம் பாதித் தம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்து ஏறுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இவர்களும் ஓடி வருவார்கள் என்று நம்பினாள். பாவம்.

மணி அடித்தது. உணவகத்தில் அடித்தது, தாழ்வாரத்தில் அடித்தது, நூலகத்தில் அடித்தது. சில பேர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வராவிட்டால் இன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போகலாம் என்பது புரிந்ததும், சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். மணி நின்றது. போதிய உறுப்பினர்கள் இல்லாததால் சபை நாளை வரை ஒத்திவைக்கப்படுகிறது என்றார் சபாநாயகர்.

"அப்போ என் அஞ்சு நிமிஷம்?" என்று அவள் கேட்டபோது மைக்கை அணைத்துவிட்டார்கள்.

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனாள். மறுநாள் காலை இரு தரப்புத் தலைவர்களும் கூடி, நேரம் இல்லை, மிச்சமிருக்கும் துறைகளை விவாதமில்லாமல் ஒரேயடியாக நிறைவேற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் போக்குவரத்துத் துறை முடிந்துபோயிற்று. பேச்சும் இல்லை, பதிலும் இல்லை, அறிவிப்பும் இல்லை. தாழ்வாரத்தில் அமைச்சரை மறித்தாள்.

"சொல்லத்தாம்மா இருந்தேன். எழுதியே வச்சிருந்தேன். நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே! இனி அடுத்த கூட்டத்தொடர்லதான்" என்று அவர் கையை விரித்தார்.

எழுதித்தான் வைத்திருந்தாரா, இல்லை தப்பிக்க ஒரு சாக்குக் கிடைத்ததா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் அவளை அரித்துத் தின்றது.

ஊருக்குத் திரும்பியபோது டிரைவர் ஆற்றங்கரையில் பைக்கோடு காத்திருந்தார். வழியில் மெதுவாக, "நீ கேட்டது நியாயம்தானே" என்றார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க, டிரைவரே."

அக்கா வீட்டில் தேய்த்த யூனிஃபார்ம் ஆணியில் தொங்கியது. அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

"அடுத்த கூட்டத்துல கண்டிப்பா கேக்கறேன்" என்றாள் கண்டக்டர்.

"அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிடும் சித்தி" என்றாள் அக்கா மகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நான் என்னக்கா பண்ணட்டும்? அங்க ஒருத்தனும் இல்லை. காலி பெஞ்சுகிட்டயா பேசச் சொல்றே?"

அக்கா யூனிஃபார்மை ஆணியிலிருந்து எடுத்து மடித்தாள்.

"ஆள் இல்லேன்னு அவங்க பஸ்ஸை நிறுத்தினாங்க. ஆள் இல்லேன்னு நீ சபையை நிறுத்திட்டு வந்திருக்கே. அவங்களுக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்? மழையில ஒத்தை ஆளை ஏத்திக்கிட்டு விசில் அடிச்சவதானே நீ?"

மடித்த யூனிஃபார்மை அக்கா டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள்.

அடுத்த கூட்டத்தொடரிலும் அவள் பெயர் பட்டியலின் அடியில்தான் இருந்தது. சாயங்காலம், அதே மெத்தை இருக்கைகள், தூங்குகிற அதே ஆள். எழுந்ததும் கண் பழக்கத்தில் முன்வரிசைக்கு ஓடியது. பிடித்து இழுத்துக் காகிதத்தில் வைத்தாள். "எங்க ஊருக்கு ஒரு பஸ் இருந்தது" என்று ஆரம்பித்தாள். பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கிற அந்தக் குரலில் ஐந்து நிமிடமும் பேசி முடித்தாள். பரிசீலிக்கிறோம் என்றார் அமைச்சர்.

அன்றைக்கும் டிரைவர் நிறுத்தத்தில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா மகள் வரவில்லை. அவள் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிருந்தாள்.